காலேஜ் முடியறதுக்குள்ள கத்துக்க வேண்டியது என்னென்ன, அதை காசு கட்டாம எப்படி கத்துக்கிறது

காலேஜ் சேர்ந்த முதல் மாசமே வாட்ஸப் குரூப்ல போஸ்டர் வர ஆரம்பிச்சிடும். ஸ்போக்கன் இங்கிலீஷ், பர்சனாலிட்டி டெவலப்மென்ட், நூறு பர்சென்ட் பிளேஸ்மென்ட் கேரண்டி, இன்னைக்கே சேர்ந்தா பாதி ஃபீஸ்னு. வீட்ல முதல் ஆளா காலேஜ் வாசல் மிதிக்கிற பிள்ளைங்கதான் பெரும்பாலும் இதுல மாட்டிக்கிறாங்க, ஏன்னா எது தேவை எது தேவையில்லன்னு எடுத்துச் சொல்ல வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, அப்பா வட்டிக்கு வாங்கியாவது கட்டிடுவாரு. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். வேலைக்குப் போனப்புறம் கேக்கப்போற திறமைல பெரும்பாலானது நீங்க ஏற்கனவே காலேஜ்ல செஞ்சே ஆகவேண்டிய வேலைக்குள்ளயே இருக்கு. லேப் ரெக்கார்டு, செமினார், ஓடி லெட்டர் (காலேஜ் விஷயமா வெளிய போக ஆன் டியூட்டி கேட்டு எழுதறது), சிம்போசியம் (டிபார்ட்மென்ட் நடத்துற போட்டி, கருத்தரங்கு விழா), எஜுகேஷன் லோன், இதெல்லாத்தையும் கடமைக்கு முடிக்காம கொஞ்சம் கவனமா செஞ்சாலே போதும், தனியா கோர்ஸே வேணாம். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலேஜ மனசுல வச்சு எழுதியிருக்கேன், ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் பசங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும்.

முதல்ல லேப் ரெக்கார்டுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாரும் இதைத்தான் ரொம்ப லேசா எடுத்துக்கிறாங்க. சீனியர் ரெக்கார்ட வாங்கி அப்படியே காப்பி அடிக்கிறது, ரீடிங் சரியா வரலன்னா சீனியர் போட்ட நம்பரையே கொஞ்சம் மாத்தி எழுதறது. சிவில் படிக்கிற பிள்ளைங்க கான்க்ரீட் லேப்ல ஸ்லம்ப் டெஸ்ட் பண்ணுவீங்கல்ல, 30 சென்டிமீட்டர் உயரம் இருக்குற கோன்ல கான்க்ரீட்ட ரொப்பி, கோன மேல தூக்கினதும் எவ்ளோ இறங்குதுன்னு ஸ்கேல் வச்சு பாக்கறது. உங்க பேட்ச்சுக்கு மட்டும் எதிர்பார்த்ததை விட ரொம்ப இறங்கிடுச்சுன்னு வைங்க. அந்த நம்பர அப்படியே எழுதுங்க. எழுதிட்டு கீழ ரெண்டு வரி சேருங்க, ஏன் இப்படி வந்துச்சு, தண்ணி அதிகமாச்சா, மணல் ஈரமா இருந்ததை கணக்குல எடுக்கலையா, அடுத்த தடவை எதை மாத்தி பாக்கணும். அந்தக் கலவையிலயே போட்ட க்யூபை 28 நாள் கழிச்சு கம்ப்ரஸ் பண்ணும்போது ஸ்ட்ரென்த் குறைஞ்சு வந்தா, தண்ணி கூடினா ஸ்ட்ரென்த் குறையும்னு புக்ல படிச்சது அப்பதான் மனசுல நிக்கும், எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே இருக்காது. வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, வெளிய இருந்து வர்ற எக்ஸாமினர் கேள்வி கேட்டா தானா பதில் வரும். நாளைக்கு சைட்லயோ ஆஃபீஸ்லயோ ஒரு நம்பர் தப்பா வந்தா அதை மறைக்காம, இப்படி வந்திருக்கு, காரணம் இதுவா இருக்கலாம்னு சொல்ற பழக்கம் இந்த ரெக்கார்டுலதான் ஆரம்பிக்குது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களும் இதே மாதிரி செய்யலாம், புரோகிராம்ல வந்த எரர் மெசேஜ அழிச்சிட்டு போயிடாம, என்ன எரர், எதனால வந்துச்சு, எப்படி சரி பண்ணேன்னு ஒரு நோட்ல எழுதிட்டே வாங்க. நான் இன்டர்வியூல உக்காந்து கேள்வி கேக்குற ஆளுங்கிற முறையில சொல்றேன், "இந்த ப்ராஜெக்ட்ல எங்க சிக்கிச்சு, எப்படி வெளிய வந்தீங்க"ன்னு கேட்டா பதில் சொல்ற பிள்ளைங்க ரொம்ப கம்மி. சொல்றவங்களத்தான் எடுக்கணும்னு தோணும்.

அடுத்தது புக்க படிச்சு புரிஞ்சிக்கிறது. செமஸ்டர் முழுக்க ஜெராக்ஸ் கடை நோட்ஸ், டூ மார்க் கொஸ்டின் பேங்க், பழைய கொஸ்டின் பேப்பர் இத வச்சே பாஸ் பண்ணிடலாம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா வேலைக்குப் போனா யாரும் நோட்ஸ் எடுத்துக் குடுக்க மாட்டாங்க, நூறு பக்க மேனுவல குடுத்து படிச்சிட்டு வாம்பாங்க. ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரே ஒரு சப்ஜெக்ட்ட மட்டும் எடுத்துக்கிட்டு அதை டெக்ஸ்ட் புக்லயே படிங்க, மத்ததுக்கு நோட்ஸ் போதும். தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். சாப்டர ஆரம்பத்துல இருந்து படிக்காதீங்க, நேரா சால்வ்டு எக்ஸாம்பிளுக்கு போங்க, ஏன்னா அங்க இங்கிலீஷ் கம்மி, கணக்கு அதிகம். அந்தக் கணக்கு எங்க புரியலையோ அதுக்கு சம்பந்தமான பாராவ மட்டும் பின்னாடி போய் படிங்க. படிச்சிட்டு புக்க மூடி வச்சு, அந்த விஷயத்த தமிழ்லயே ஒரு அஞ்சாறு வரி எழுதுங்க, டெக்னிக்கல் வார்த்தைய மட்டும் அப்படியே வச்சுக்கங்க, என்ட்ரோபி என்ட்ரோபியாவே இருக்கட்டும். எழுதும்போது எந்த வரியில பேனா நிக்குதோ அங்கதான் உங்களுக்கு புரியல, அதைத்தான் சார்கிட்ட கேக்கணும். "சார் இந்த சாப்டரே புரியல"ன்னு போனா அவரால ஒண்ணும் பண்ண முடியாது, இந்த ஸ்டெப்ல இருந்து இந்த ஸ்டெப் எப்படி வந்துச்சுன்னு கேட்டா அவரும் ஆர்வமா உக்காந்து சொல்லிக் குடுப்பாரு.

புக் வாங்க காசில்லன்னு விட்டுடாதீங்க. காலேஜ் லைப்ரரி தவிர, சென்னையில கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2010ல திறந்தது, உங்க சொந்த புக்க எடுத்துட்டுப் போய் உக்காந்து படிக்கவும் தனி இடம் உண்டு. மதுரையில 2023 ஜூலைல கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துச்சு. மத்த ஊர்ல இருக்கவங்க மாவட்ட மைய நூலகத்துக்குள்ள ஒரு தடவை போய் பாருங்க, போட்டித் தேர்வுக்கு படிக்கிறவங்க கூட்டம் அங்கதான் உக்காந்திருக்கும், அவங்க நடுவுல உக்காந்தாலே ஃபோன எடுக்கத் தோணாது.

இங்கிலீஷ் பேசறத பத்தி நிறைய பேர் பயப்படறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல "மை நேம் இஸ், ஐ ஆம் ஃப்ரம்"ல ஆரம்பிச்சு டென்ஸ் பாடம் எடுப்பாங்க, அது ஸ்கூல்லயே படிச்சதுதான். உங்களுக்கு உடனடியா தேவை உங்க சப்ஜெக்ட்ட பத்தி, உங்க ப்ராஜெக்ட்ட பத்தி ரெண்டு நிமிஷம் தடுமாறாம பேசறது. அதுக்கு ஃபோன்ல இருக்குற வாய்ஸ் ரெக்கார்டரே போதும். செமினாருக்கு ஒரு டாபிக் குடுத்தாங்கன்னா முதல்ல அதை தமிழ்ல பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. தமிழ்லயே கோர்வையா வரலன்னா விஷயமே இன்னும் பிடிபடலன்னு அர்த்தம், இங்கிலீஷ் மேல பழி போடக்கூடாது. தமிழ்ல நல்லா வந்ததும் அதையே தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுங்க, நம்ம சாருங்க கிளாஸ் எடுக்குற மாதிரி. அதுக்கப்புறம் முழு இங்கிலீஷ்ல. சின்னச் சின்ன வாக்கியமா போதும், ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம். ரெக்கார்ட் பண்ணத மறுநாள் கேளுங்க, அன்னைக்கே கேட்டா வெக்கம் வரும், குறை தெரியாது. கிராமர் தப்பு வந்தா வரட்டும். இன்டர்வியூ பேனல்ல உக்கார்றவங்க அதை பெரிசா எடுத்துக்க மாட்டாங்க, சொல்ற விஷயம் விளங்குதான்னுதான் பாப்பாங்க. செமினார்ல ஸ்லைட பாத்து படிக்கிறத முதல் வருஷத்துலயே நிறுத்திடுங்க, ஸ்லைடுல படமும் நாலு வார்த்தையும் மட்டும் வைங்க, படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லன்னா வாய் தானா பேச ஆரம்பிச்சிடும்.

பேசறத விட எழுதறதுல இன்னும் பலவீனமா இருக்கோம்னு எனக்குத் தோணுது. ரெஸ்யூம் அனுப்பற மெயில திறந்தா உள்ள ஒரு வரி கூட இருக்காது, அட்டாச்மென்ட் மட்டும் தொங்கும், ஃபைல் பேரு "ரெஸ்யூம் ஃபைனல் ரெண்டு"ன்னு இருக்கும். இப்படி வர்றத திறந்து பாக்கவே மனசு வராது. மெயில் எழுதறது சுலபம். சப்ஜெக்ட் லைன்ல என்ன வேணும்னு தெளிவா போடுங்க, "மே மாத இன்டர்ன்ஷிப் கோரிக்கை, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்"ங்கிற மாதிரி. உள்ள முதல் வரியிலயே நீங்க யாரு, எந்த காலேஜ், எந்த வருஷம். ரெண்டாவது, அவங்ககிட்ட எதுக்கு வர்றீங்க, அவங்க செய்யற வேலைல எது உங்களுக்கு பிடிச்சிருக்கு, இது ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி அனுப்பற வரியா இருக்கக் கூடாது. மூணாவது, உங்களால என்ன செய்ய முடியும், அதுக்கு அத்தாட்சியா ஒரு ப்ராஜெக்ட். கடைசியா எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும் வர முடியும்னு போட்டு ஃபோன் நம்பர். அவ்ளோதான், ஃபோன் ஸ்க்ரீன்ல ஸ்க்ரோல் பண்ணாம படிக்கிற நீளம் போதும். ஃபைலுக்கு உங்க பேரையே வைங்க. ஒரு வாரம் பதில் வரலன்னா அதே மெயிலுக்கு கீழயே மரியாதையா ஒரு நினைவூட்டல் போடுங்க, அதுல தப்பே இல்ல, பல சமயம் அந்த ரெண்டாவது மெயிலுக்குத்தான் பதில் வரும்.

இதை பழகறதுக்கு சாக்கு காலேஜ்லயே நிறைய இருக்கு. ஓடி லெட்டர், போனஃபைட் (இந்த காலேஜ்லதான் படிக்கிறேன்னு குடுக்குற சான்று) கேட்டு எழுதற லெட்டர், ஹாஸ்டல்ல தண்ணி வரலன்னு எழுதற மனு, எல்லாத்தையும் கிளாஸ் ரெப்புகிட்ட தள்ளி விடாம நீங்களே எழுதுங்க. மார்க் நியாயமா வரலன்னு தோணினா விடைத்தாள் நகலுக்கு யூனிவர்சிட்டி விதிப்படி அப்ளை பண்ணுங்க, கடைசி தேதி ரொம்ப சீக்கிரம் முடிஞ்சிடும், ரிசல்ட் வந்த அன்னைக்கே பாத்து வச்சுக்கங்க. திருத்துன விடைத்தாள பாக்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள்ள வர்ற உரிமைன்னு 2011ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லியிருக்கு, அதனால தயங்க வேணாம். நகல் கைக்கு வந்தா மார்க்குக்கு மட்டும் பாக்காதீங்க, நம்ம எழுதினது இன்னொருத்தர் கண்ணுக்கு எப்படி தெரியுதுன்னு அதுல நல்லா தெரியும்.

இப்ப எக்ஸல். எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் எந்த ஆஃபீஸ் போனாலும் இது வேணும், ஆனா கிளாஸ்ல சேர்ந்து யாரோ போட்ட சேல்ஸ் டேட்டால பழகினா ரெண்டு வாரத்துல மறந்துடும். உங்க சொந்த கணக்குல பழகுங்க, மறக்கவே மறக்காது. எஜுகேஷன் லோன் வாங்கியிருக்கீங்களா, அதை வச்சே ஆரம்பிக்கலாம். வருஷம் 1 லட்சம் வீதம் நாலு வருஷத்துக்கு 4 லட்சம், வட்டி 10 சதவீதம்னு உதாரணத்துக்கு வைங்க. முதல் நெடுக்கு வரிசைல வருஷம், ரெண்டாவதுல அதுவரைக்கும் வாங்கின அசல், மூணாவதுல அந்த வருஷ வட்டி. முதல் வருஷம் 10,000, ரெண்டாவது 20,000, மூணாவது 30,000, நாலாவது 40,000, கூட்டினா படிப்பு முடியும்போதே வட்டி மட்டும் 1 லட்சம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை ஆரம்பிக்கும்னு வழக்கமா சொல்வாங்க, அந்த ஒரு வருஷத்துக்கு இன்னொரு 40,000 சேரும். தனி வட்டி கணக்குதான் இது, அப்பவே 4 லட்சம் கடன் 5 லட்சத்து 40,000 ஆயிடுது. தவணை இப்ப இல்லன்னு சொல்றத வட்டியும் இல்லன்னு எடுத்துக்கிட்ட குடும்பங்கள் எவ்ளோவோ இருக்கு, பின்னாடி பேங்க் நோட்டீஸ் வரும்போதுதான் தெரியுது. இந்த ஷீட்ட ஒரு தடவை போட்டு அப்பா அம்மாவுக்கு காட்டுங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கிற கால வட்டிய மத்திய அரசே கட்டுற மானியத் திட்டம் இருக்கு, நிபந்தனைகள் உண்டு, உங்க காலேஜும் கோர்ஸும் அதுல வருதான்னு பேங்க்ல நேரா போய் கேளுங்க, அவங்களா கூப்பிட்டு சொல்வாங்கன்னு காத்திருக்காதீங்க. பேங்க் மேனேஜர் முன்னாடி போய் உக்காந்து கேள்வி கேக்கறதும் காலேஜ்ல பழக வேண்டிய திறமைதான்.

அரசு பள்ளியில படிச்சு வந்தவங்களுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல வருதுல்ல, அதுக்கும் ஒரு ஷீட் போட்டுக்கங்க. எங்க போச்சுன்னு மாசக் கடைசியில ரகம் பிரிச்சு பாருங்க, பஸ், சாப்பாடு, ரீசார்ஜ், ஜெராக்ஸ்னு. எக்ஸல்ல ரகம் பிரிக்கவும் கூட்டவும் உதவுற ஃபில்டர், சம்இஃப், பைவட் டேபிள் மூணும் இதுலயே கைக்கு வந்துடும். லேப்டாப் இல்லன்னா காலேஜ் லேப்ல ஒரு மணி நேரம் போதும்.

எக்ஸலா இருக்கட்டும் பைத்தானா இருக்கட்டும், காசு குடுத்து கத்துக்கிறதுக்கு முன்னாடி ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல் சைட்ட பாருங்க. லிப்ரே ஆஃபீஸ் (எக்ஸல் மாதிரி ஷீட் போட உதவுற இலவச சாஃப்ட்வேர்), பைத்தான், சி, லினக்ஸ் எல்லாம் சின்னச் சின்ன வீடியோவா இருக்கு, நிறைய பாடத்துக்கு தமிழ்லயே குரல் குடுத்திருக்காங்க. பக்கத்துல வீடியோவ ஓட விட்டு, நிறுத்தி நிறுத்தி, கூடவே செஞ்சு பாக்கணும், சும்மா பாத்தா ஒண்ணும் ஏறாது. அதுக்கு அடுத்த படி என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003ல ஆரம்பிச்ச ஆன்லைன் பாடத் திட்டம் இது, பாடம் படிக்கிறது இலவசம், சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் பரீட்சைக்கு பணம் கட்டி சென்டர்ல போய் எழுதணும். வாரா வாரம் வர்ற அசைன்மென்டுக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75. இதுல ஒரு கெட்ட பழக்கம் ஓடிட்டிருக்கு, டெலிகிராம்ல அசைன்மென்ட் விடை வரும், அதை அப்படியே அடிச்சிடறாங்க. 25 மார்க் வந்துடும், பரீட்சை ஹால்ல உக்காந்தா ஒண்ணும் தெரியாது. ஒரு செமஸ்டர்ல ஒரே கோர்ஸ், அதுவும் எட்டு வாரக் கோர்ஸா எடுத்து, அசைன்மென்ட்ட சொந்தமா போட்டு முடிங்க. பத்து கோர்ஸ்ல பேர் குடுத்து பாதியில விட்டவங்கள விட ஒண்ண முழுசா முடிச்சவங்களுக்குத்தான் ரெஸ்யூம்ல போட்டுக்க தைரியம் இருக்கும். நான் முதல்வன் திட்டத்துல காலேஜ் வழியா வர்ற கோர்ஸையும் இதே மாதிரி எடுத்துக்கங்க, அட்டென்டன்ஸுக்காக மட்டும் உக்காராதீங்க, வெளிய அதுக்கு பணம் குடுத்து படிக்கிறாங்க.

டைப்பிங்க பத்தி சுருக்கமா. முதல் வருஷ லீவுல ஊர்ல இருக்குற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்து லோயர் கிரேட் பரீட்சை முடிச்சிடுங்க, நிமிஷத்துக்கு 30 வார்த்தை. முடிஞ்சா ஹையர், 45 வார்த்தை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல டைப்பிஸ்ட் போஸ்டுக்கு இது வேணும், அரசு வேலைக்கு போகலன்னாலும் கோட் அடிக்கிறதுக்கும் ரிப்போர்ட் எழுதறதுக்கும் வாழ்நாள் முழுக்க கை குடுக்கும். இது ஒண்ணுக்குத்தான் நான் காசு கட்டி சேரச் சொல்வேன், ஃபீஸும் பெரிசா இருக்காது. கம்ப்யூட்டர்ல தமிழும் பழகிக்கங்க, தமிழ்99 விசைப்பலகை 1999லயே அரசு தரப்படுத்தினது, உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம் இருக்கும்.

சிம்போசியத்துக்கு வர்றேன். நிறைய பேர் வாலன்டியரா சேர்ந்து பேட்ஜ் குத்திக்கிட்டு ஃபோட்டோ எடுத்துட்டு போயிடறாங்க. நீங்க யாரும் விரும்பாத வேலைய கேட்டு வாங்குங்க, கணக்கு இல்லன்னா ஸ்பான்சர். கணக்குன்னா எந்த செலவா இருந்தாலும் பில்லு வாங்கி, ஒரே ஃபைல்ல தேதி வாரியா அடுக்கி, முன்பணம் எவ்ளோ, கையிருப்பு எவ்ளோன்னு அன்னன்னைக்கே எழுதி, முடிஞ்சு மூணு நாளுக்குள்ள ஹெச்ஓடி (டிபார்ட்மென்ட் தலைவர்) டேபிள்ல வைக்கணும். ஸ்பான்சர்னா பக்கத்துல இருக்குற ஸ்டேஷனரி கடை, ஹார்டுவேர் கடை, டியூஷன் சென்டர்னு ஏறி இறங்கணும், பத்து பேர்ல ஏழெட்டு பேர் அப்புறம் பாக்கலாம்பாங்க, ஆனா முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட சுருக்கமா விஷயத்த சொல்லி, இல்லன்னு சொன்னா முகம் சுளிக்காம நன்றி சொல்லிட்டு வர்றத வேற எங்கயும் இவ்ளோ சீக்கிரம் பழக முடியாது. கூச்ச சுபாவம் உள்ளவங்க கணக்குல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் ஸ்பான்சர் பக்கம் போங்க.

மூணாவது வருஷம் வந்தா சீனியர்கிட்ட பேசற வேலைய ஆரம்பிங்க. "அண்ணா ஜாப் இருந்தா சொல்லுங்க"ன்னு மெசேஜ் போட்டா அவங்களால பதில் சொல்லவே முடியாது. "அக்கா, நீங்க செய்யற டெஸ்டிங் வேலைல முதல் ஆறு மாசம் என்ன செஞ்சீங்க, அதுக்கு நான் இப்ப எதை படிக்கணும்"னு கேட்டா ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணி அரை மணி நேரம் பேசுவாங்க, நம்ம ஆளுங்க அப்படித்தான், கேட்டா செய்வாங்க. அவங்க சொன்னத செஞ்சு முடிச்சதும் ஒரு வரி தகவல் சொல்லுங்க, அந்தத் தொடர்பு நிலைக்கிறதே அதுலதான். சம்மர்ல ரிசர்ச் பக்கம் எட்டிப் பாக்கணும்னு ஆசை இருந்தா ஐஐடி மெட்ராஸ் சம்மர் ஃபெலோஷிப், அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப் ரெண்டையும் பாத்து வைங்க. அகாடமி ஃபெலோஷிப்புக்கு முந்தின வருஷக் கடைசியிலயே விண்ணப்பம் முடிஞ்சிடும், ஏப்ரல்ல தேடினா கிடைக்காது. ஒரு சார்கிட்ட பரிந்துரை வாங்க வேண்டி வரும், அவருக்கு உங்க பேரு தெரிஞ்சிருக்கணும்னா இந்த வருஷமே ஸ்டாஃப் ரூம் பக்கம் டவுட்டோட போய் நில்லுங்க.

ஹாஸ்டல்லயோ ரூம் எடுத்தோ இருக்கவங்க, பசங்களும்தான், சாதம், ரசம், முட்டைப் பொரியல் இந்த மூணையும் கத்துக்கங்க. வேலை கிடைச்சு வேற ஊர் போற முதல் மாசம், சம்பளம் வர்றதுக்கு முன்னாடி, ஹோட்டல் சாப்பாட்டுக்கே கையில இருக்குறது கரைஞ்சிடும்.

கடைசி வருஷத்துல ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட வெளிய காசு குடுத்து வாங்கறத மட்டும் தயவு செஞ்சு செய்யாதீங்க. சின்னதா இருந்தாலும் நீங்களே செஞ்சது ஒண்ணு இருக்கணும், மேல சொன்ன ரெக்கார்டு, ரெக்கார்டிங், மெயில் எல்லாம் வந்து சேர்ற இடம் அதுதான். காலேஜ் குடுத்த மெயில் ஐடில உங்க ப்ராஜெக்ட் ஃபைல், சர்டிஃபிகேட், ஆன்லைன் கோர்ஸ் அக்கவுண்ட் எதுவும் இருந்தா டிசி வாங்கறதுக்கு முன்னாடியே சொந்த மெயிலுக்கு மாத்திடுங்க, நிறைய காலேஜ்ல வெளிய வந்த கொஞ்ச நாள்ல அதை மூடிடுவாங்க.